மருந்தடிச்ச கணக்கு யாரிடம் இருக்கு?

புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு படிக்கக் கோடையில் போகும் பிள்ளைகளும், அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய நோட்டுப் புத்தகமும்

நம் உழவர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஏங்க, இந்த மருந்தடிச்ச சாப்பாட்டாலதானே ஊருக்கு ஊரு புத்துநோய் வருது?" மேடையில் இருப்பவர் "ஆமாம்" என்பார். கூட்டமும் தலையாட்டும். கடைக்காரர் மருந்து என்று விற்பதை நாம் நஞ்சு என்றே சொல்லிப் பழகியவர்கள். அதனால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அதே கேள்வியைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். "எந்த மருந்து? எத்தனை வருசமா அடிச்சாங்க? அடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வந்துச்சு? அடிக்காதவங்கள்ல எத்தனை பேருக்கு வந்துச்சு?" இந்த நாலு கேள்விக்கும் நம்மிடம் பதில் கிடையாது. அவரிடமும் கிடையாது. மருத்துவமனையில் நோயின் கணக்கு இருக்கிறது. வயலில் நஞ்சின் கணக்கு இருந்திருக்க வேண்டும், அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைக்குப் பெயர்தான் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வு.

அந்த வேலையின் முதல் பாடத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. தெரிந்து போகிற பிள்ளைகளுக்கோ வயலைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்று தெரியாது. இந்தக் கட்டுரை இருவருக்கும் சேர்த்துத்தான்.

பெருங்குடி மாட்டுப்பால் சொன்ன சேதி

தென்சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது பெருங்குடி. இன்றைக்கு அது கண்ணாடிக் கட்டடங்களும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த இடம். அதற்கு முன்னால் ஏரியும் மாடுகளுமாக இருந்த ஊர். ஊரை ஒட்டிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அந்தச் சதுப்பில்தான் 1980-களில் இருந்து மாநகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். குப்பை மேடு 200 ஏக்கருக்கு மேல் பரவியது. அது அடிக்கடி எரியும். 2022 ஏப்ரல் கடைசியில் பிடித்த தீ பல நாள் புகைந்தது செய்திகளில் வந்தது. அதே 2022-இல்தான் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஜப்பானின் எகிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பைமேடுகளை ஆராய்ந்தார்கள். இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என நாலு நாடுகள். தமிழ்நாட்டைச் சேர்ந்த அறிவியலாளர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இந்தியாவில் அவர்கள் மண் எடுத்த இடம் பெருங்குடி. தேடிய பொருள் டையாக்சின்.

டையாக்சினை யாரும் ஆலையில் தயாரித்து விற்பதில்லை. பிளாஸ்டிக், குறிப்பாக பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பொருள்கள், மற்ற குப்பையோடு சேர்ந்து அரைகுறையாக எரியும்போது அதுவாகவே உண்டாகிறது. சாம்பலோடு மண்ணில் படியும், புல்லில் ஒட்டும். எளிதில் சிதையாது. கொழுப்பில் கரைந்து தங்கும். அந்தப் புல்லைத் தின்கிற மாட்டின் பாலில் இறங்கும். பாலைக் குடிப்பவர் உடம்பில் சேரும். தாயின் உடம்பில் சேர்ந்தது தாய்ப்பாலிலும் வரும். இந்த வகையில் மிகக் கொடிய டையாக்சினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் சேர்த்தது.

மண்ணைப் பற்றிய ஆய்வு 2003-இலும், தாய்ப்பாலைப் பற்றிய ஆய்வு 2004-இலும் வெளியாயின. இந்தியக் குப்பைமேட்டை ஒட்டி வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் வகைப் பொருள்கள் மற்ற இடங்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தன. அவை எந்த வழியாக வந்திருக்கும் என்று தேடியபோது, குப்பைமேட்டில் மேயும் மாடுகளின் பால் முக்கியமான வழியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். மாடு வளர்க்கும் நமக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் ஆய்வு வேறு இருக்க முடியாது.

இங்கே இரண்டு விசயங்களைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடச் சிறந்தது இல்லை என்பதில் மருத்துவ உலகில் மாற்றுக் கருத்து கிடையாது. இரண்டாவது, பெருங்குடியில் இத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது, எந்த வழியாகப் போயிருக்கலாம் என்று மட்டும் சொன்னது. நமக்கு அதுவே பெரிய உதவி. எந்த மடை வழியாகத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்? குப்பையை எரிக்காதே, அங்கே மாட்டை மேய விடாதே என்ற இரண்டு முடிவுக்கும், நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடையாற்றில் இருக்கும் பதிவேடு

பெருங்குடியில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் இருந்து பிறந்த மருத்துவமனை இது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021 சனவரியில் மறைந்த டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாள் முழுவதையும் அதற்குக் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றால் என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை.

மருத்துவம் பார்ப்பதோடு அந்த நிறுவனம் இன்னொரு வேலையும் செய்கிறது. 1981-இல் அங்கே சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் அப்போது நாட்டின் மூன்று நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகள் இடம்பெற்றன. பம்பாய், பெங்களூர், சென்னை. சென்னையில் வசிக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று எந்த மருத்துவமனையில் கண்டறிந்தாலும், அது இந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரே ஆள் மூன்று மருத்துவமனைக்குப் போனாலும் ஒருமுறைதான் ஏற வேண்டும்.

இப்படி ஆண்டுக்கணக்காக எழுதி வைத்ததால்தான், சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து வருவதும், மார்பகப் புற்றுநோய் கூடி முதலிடத்துக்கு வந்ததும் நமக்குத் தெரியும். எழுதி வைக்காமல் இருந்திருந்தால் "எல்லாம்தான் கூடிப்போச்சு" என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இரண்டு மாதத்தில் என்ன கற்கலாம்?

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு நம் நாட்டில் பல வாசல்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ இளநிலை மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை கொடுத்து வருகிறது. மாணவர் தன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கேள்வியை முன்வைத்து, இரண்டு மாதம் வேலை செய்து, அறிக்கை எழுதித் தர வேண்டும். அறிவியல், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. தேர்வானவர்கள் நாட்டின் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் ஓர் அறிவியலாளரிடம் வேலை பழகலாம். பெருங்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யும் தனியாகக் கோடைப் பயிற்சி நடத்துகிறது. புற்றுநோய்க் கட்டிகளின் திசுக்களை ஆய்வுக்காகச் சேமித்து வைக்கும் தேசியத் திசு வங்கியும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இவற்றுக்கெல்லாம் கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ஏப்ரலில் தேர்வு முடிந்த பிறகு "எங்கயாச்சும் போகலாமா?" என்று கேட்டால் காலம் கடந்திருக்கும். ஆடிப் பட்டத்துக்குச் சித்திரையிலேயே உழுது போடுகிற மாதிரிதான்.

வெளிநாட்டில் இந்தப் பயிற்சியைப் புற்றுநோய்த் தடுப்புக்கென்றே தனியாக நடத்துகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இளநிலை மாணவர்களுக்கும் அப்படி ஒரு கோடைத் திட்டம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்னொரு திட்டம், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களைக் கோடையில் வெளிநாட்டுப் பதிவேடுகளுக்கு அனுப்பியது. அவர்கள் போன இடங்களில் ஒன்று எகிப்தின் கார்பியா மாகாணம். நைல் ஆற்றுப் படுகை, நம் தஞ்சைப் படுகை மாதிரி முழுக்க வேளாண்மைப் பகுதி. வேளாண் பகுதியின் நோய்க் கணக்கைப் பார்க்க அமெரிக்கப் பிள்ளைகள் கடல் கடந்து போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

இரண்டு மாதத்தில் யாரும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. பிள்ளைகள் அங்கே கற்பது கணக்குப் பார்க்கும் முறை. அது நமக்குப் புதிதும் இல்லை.

"எங்க ஊர்ல 200 மூட்டை விளைஞ்சுச்சு" என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே "எத்தனை ஏக்கர்ல?" என்று கேட்போம். நோய்க் கணக்கிலும் அதுதான் முதல் பாடம். எத்தனை பேருக்கு வந்தது என்பது மட்டும் போதாது. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அடுத்த பாடம் வயது. புற்றுநோய் வயதானவர்களிடம் அதிகம் வரும். இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட கிராமத்தில் மிஞ்சியிருப்பது பெரியவர்கள்தான். அந்த ஊரில் நோய் கூடியதுபோல் தெரிந்தால், அது நஞ்சாலா, ஊர் மூத்துப்போனதாலா என்று வயதுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்த பிறகே சொல்ல முடியும்.

மூன்றாவது பாடம் ஒப்பீடு. பஞ்சகவ்யம் வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? ஒரே வயலில் ஒரு பாத்திக்குத் தெளித்து, பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டுப் பார்க்கிறோம். நோய் ஆய்விலும் அப்படித்தான். நோய் வந்தவரிடம் கேட்ட கேள்விகளை, அதே வயதுள்ள, அதே பகுதியில் வாழும், நோய் வராதவரிடமும் கேட்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நோய் வந்தவர் "எதனால வந்துச்சோ" என்று இராத்திரி பகலாக யோசித்திருப்பார். இருபது வருடத்துக்கு முன் அடித்த மருந்தும் அவர் நினைவுக்கு வரும். நோய் வராதவர் அதை மறந்திருப்பார். அதனால்தான் ஞாபகத்தை மட்டும் நம்பாமல் எழுத்தில் இருப்பதைத் தேடுகிறார்கள்.

அம்பிளிக்கையில் கிடைத்த பலன்

"கணக்குப் பார்த்து என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையைச் சொல்லலாம். காய்கறிச் சந்தைக்குப் போகிற நம் உழவர்கள் பலருக்கும் தெரிந்த பகுதி. அங்குள்ள கிறித்தவ மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புற்றுநோய்ப் பதிவேடு நடத்தின. கிராமத்துப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று அதில் தெரிந்தது. சென்னையில் மார்பகப் புற்றுநோய் முன்னுக்கு வந்திருக்க, இங்கே நிலைமை வேறு.

அடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்து, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பரிசோதனை, மறுபாதியில் வழக்கமான மருத்துவம் மட்டும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பரிசோதனையும் பெரிய எந்திரத்தில் இல்லை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துக் கருப்பை வாயில் தடவினால், மாறுபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள். 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் வேலை பார்க்கிற பெண்களின் உயிர் அது.

அதே திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூரில் நடுவண் அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் இயக்கத்தில் சிலர் புற்றுநோய் என்றதும் பூச்சிக்கொல்லியை மட்டும் பேசிவிட்டு, வெற்றிலையில் புகையிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வாய்ப் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகையிலைதான் பெருங்காரணம் என்பதில் ஆய்வு உலகில் துளியும் ஐயமில்லை. சாராயமும் அந்த உறுதிப்பட்டியலில் இருக்கிறது. கைக்குத்தல் அரிசி சாப்பிட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தால் அரிசி காப்பாற்றாது.

நஞ்சைப் பற்றி உலகம் அறிந்தது

அப்படியானால் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன? பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பல நஞ்சுகளை ஆராய்ந்தது. நம் பெரியவர்களுக்குக் காமாக்சின் என்ற பெயரில் பழக்கமான லிண்டேனை, புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியானது என்றது. களைக்கொல்லி கிளைபோசேட், பூச்சிக்கொல்லிகளான மாலத்தியான், டயசினான், பழைய டி.டி.டி. ஆகியவற்றைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவை என்ற வகுப்பில் வைத்தது. நெல் வயலில் களைக்கு அடிக்கும் 2,4-டி-யை உண்டாக்கும் வாய்ப்பு உண்டு என்ற வகுப்பில் வைத்தது. இந்த வகுப்புகள் சான்று எவ்வளவு உறுதியானது என்று சொல்பவை. எவ்வளவு பட்டால் யாருக்கு வரும் என்று சொல்பவை அல்ல.

அந்த அளவை அறிய நீண்ட ஆய்வுகள் வேண்டும். அமெரிக்காவின் அயோவா, வடக்குக் கரோலினா மாநிலங்களில் 1993-இல் உழவர் நல ஆய்வு ஒன்று தொடங்கியது. நஞ்சு தெளிப்பதற்கு உரிமம் வாங்க வந்த உழவர்கள், அவர்களின் துணைவியர் என ஏறத்தாழ 89,000 பேரைச் சேர்த்தார்கள். எந்த நஞ்சை, எத்தனை நாள், எப்படி அடித்தீர்கள் என்று நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு ஆண்டுதோறும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் உழவர்களிடம் புற்றுநோய் பொதுமக்களைவிடக் கூடவில்லை. அவர்கள் குறைவாகப் புகைபிடிப்பவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. மாலத்தியான் போன்ற சில நஞ்சுகளை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் அந்நோயின் வேகமாகப் பரவும் வகை கூடியிருந்ததாக 2013-இல் அறிவித்தார்கள்.

இனி, இயற்கை விளைபொருளைச் சாப்பிடுபவர்களைப் பற்றி. பிரான்சில் 68,946 பேரைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், இயற்கை விளைபொருளை அதிகம் உண்டவர்களிடம் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் மேடைகளில் இதை அடிக்கடி சொல்கிறோம். பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியான ஆய்வில் மொத்தப் புற்றுநோயில் அப்படிக் குறைவு எதுவும் தெரியவில்லை. நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு வகை மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. இதை நாம் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் பேச்சுக்கு மருத்துவர்களிடம் மதிப்பு இருக்கும். எதிர்த்து நிற்கும் நஞ்சு நிறுவனங்களும் நம் சொல்லில் ஓட்டை தேட முடியாது.

இரண்டு ஆய்வுமே சாப்பிடுபவர்களைப் பற்றியவை என்பதையும் கவனியுங்கள். தட்டில் வந்து சேரும் எச்சம் ஒரு பங்கு என்றால், முதுகில் தெளிப்பானைக் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றி, ஒரு நாளைக்குப் பத்து டேங்க் அடிக்கிற கூலியாளின் உடம்பில் படுவது எத்தனையோ பங்கு. அமெரிக்க உழவர் உரிமம் வாங்கி, டப்பாவைப் படித்து அடிக்கிறார். நம் ஊரில் அடிப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இரண்டு மூன்றைக் கலக்கி அடிப்பதும் உண்டு. "என்ன அடிச்சீங்க?" என்றால் "அந்த செவப்பு மூடி டப்பாங்க" என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் "விவசாயக் கூலி" என்று எழுதியிருந்தால், அதில் இருந்து இதையெல்லாம் எந்த ஆய்வாளரும் கண்டுபிடிக்க முடியாது.

நம் கையில் இருக்கும் நோட்டு

இங்கேதான் நம் இயக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. இயற்கைச் சான்று வாங்கியவர்களும், பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உறுதி முறையில் குழுவாகச் சேர்ந்தவர்களும் பண்ணை நாட்குறிப்பு எழுதுகிறார்கள். எந்த ஆண்டு நஞ்சை நிறுத்தினார்கள், அதன் பிறகு வயலுக்குள் என்ன போனது என்று அதில் இருக்கும். பலருக்கு அது ஆய்வாளர் வரும்போது காட்டுகிற காகிதம். நோய்த் தடுப்பு ஆய்வாளருக்கோ அது கிடைப்பதற்கரிய ஆவணம். நஞ்சடிக்கும் உழவரோடு ஒப்பிட, அதே ஊரில், அதே வெயிலில், அதே தண்ணீரைக் குடித்து, நஞ்சடிக்காமல் உழைக்கும் ஒரு கூட்டம் வேண்டுமே? அந்தச் சும்மா விட்ட பாத்தி நாம்தான்.

நஞ்சை நிறுத்துவதற்கு முன் அடித்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். இன்றைக்கு இயற்கை உழவராக இருக்கும் பலர் பத்து, இருபது வருடம் அடித்தவர்கள்தான். புற்றுநோய் ஒரு பருவத்தில் விளைவதில்லை. பத்து, இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும். அதனால் பழைய கணக்கும் வேண்டும். பக்கத்து வயலில் இருந்து காற்றில் வருவதையும் குறிக்க வேண்டும்.

நஞ்சடிக்கும் நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள். பெரிய நோட்டு வேண்டாம். பிள்ளைகளின் பழைய நோட்டில் மிஞ்சிய பக்கம் போதும். தேதி, பயிர், டப்பாவில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர், டேங்குக்கு எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை டேங்க், யார் அடித்தது, கையுறை முகமூடி போட்டாரா, அன்றைக்கு இரவு தலைவலி வாந்தி இருந்ததா. அவ்வளவுதான். கடை ரசீதை அதே பக்கத்தில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. கூலிக்கு அடிப்பவருக்கு எழுத நேரமிருக்காது. அவர் பெயரையும் நாளையும் நில உடைமையாளர் எழுத வேண்டும்.

கோடையில் ஊருக்கு வரும் மாணவரால் இரண்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய கேள்விகள் நிறைய உண்டு. ஒரு ஒன்றியத்தின் கடைகளில் விற்கும் நஞ்சுகளில் எத்தனை அந்தப் பன்னாட்டு முகமையின் பட்டியலில் இருக்கின்றன? ஒரு பருத்திப் பருவத்தில் ஒரு கூலியாள் எத்தனை நாள் அடிக்கிறார்? ஓர் ஊரில் 30 வயது தாண்டிய பெண்களில் எத்தனை பேர் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், செய்யாதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்? காலி டப்பாக்களை என்ன செய்கிறார்கள், எரிக்கிறார்களா? பெருங்குடியில் பார்த்த டையாக்சின் கதை, வயல் வரப்பில் பிளாஸ்டிக் டப்பாவையும் சொட்டுநீர்க் குழாயையும் கொளுத்தும்போது சின்ன அளவில் இங்கேயும் நடக்கலாம்.

வேளாண் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்களுக்கு மருந்தின் பெயர் தெரியும், உடம்பு தெரியாது. மருத்துவக் கல்லூரி மாணவருக்கு உடம்பு தெரியும், டப்பா தெரியாது. இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கும் ஏற்பாட்டை நம் மாவட்டக் குழுக்கள் அந்தந்தக் கல்லூரிகளிடம் கேட்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு கடிதமும், தங்க ஓர் இடமும், ஊரை அறிந்த ஒருவரின் துணையும் போதும்.

நம் பக்கம் இருந்தும் நிபந்தனை உண்டு. கேட்பதற்கு முன் ஒப்புதல் வாங்க வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. நோயாளியின் பெயரோ அடையாளமோ வெளியே போகக் கூடாது. புற்றுநோய் என்று தெரிந்தால் பெண் கொடுக்க யோசிக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முக்கியமாக, முடிவு என்ன வந்தாலும், நமக்குப் பிடித்ததாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊருக்குத் திரும்பி வந்து தமிழில் சொல்ல வேண்டும். நம் பாலையும் இரத்தத்தையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு போய், முடிவை நமக்கு எட்டாத மொழியில் எங்கோ அச்சிட்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் மாற வேண்டும்.

உயிரியல், மருத்துவம், புள்ளியியல், வேளாண்மை என்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த கோடைக்கான அறிவிப்புகளை இப்போதே கல்லூரியில் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு வருவதற்குள், இந்தப் பட்டத்தின் முதல் தெளிப்போ முதல் பஞ்சகவ்யமோ, எதுவானாலும், தேதி போட்டு எழுதி வையுங்கள்.